மூன்று நாள் ஒருசந்தி

கறிக்கடையில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளும் சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தொடை. சப்பை. நெஞ்செலும்பு. சின்னத் துண்டு. கொழுப்பு வேண்டாம். தராசுக்குப் பின்னால் நிற்கும் தம்பி, வாங்க வந்தவர் கேட்டதைத் தலையைத் திருப்பாமல் சொல்வார். வெட்டுக்கட்டையருகில் நிற்கும் அண்ணன் அதை வெட்டிப் பலகைமேல் தள்ளுவார். இருவருக்கும் நடுவில் மூன்றடி தூரம். அந்த மூன்றடிக்குள் பதினான்கு மாதங்களாக இறைச்சியைத் தவிர வேறு பேச்சு நுழைந்ததில்லை.

தெருவுக்கு அது பழகிவிட்டது. மூத்தவருக்கு எலும்பு என்றும் இளையவருக்குத் தராசு என்றும் பெயர் வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் தினமும் அதைக் கிளறிப் பார்ப்பார்.

"என்னப்பா, எலும்பும் தராசும் இன்னிக்காவது பேசிக்கிட்டீங்களா?"

"அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்பார் இளையவர்.

"கேட்டதுக்குப் பதில் சொல்றானா பாரு."

"நீங்க வந்தது கறிக்கு. அதைத்தான் கேட்டேன்."

"ஏன்டா, முப்பது வருசம் கடிதாசி போட்டவன்டா நான். உங்க வீட்டுக்கு மட்டும்தான் மாடியிலேருந்து கீழ ஒரு கடிதாசி வராதான்னு காத்துக்கிட்டிருக்கேன்."

பின்னால் கத்தி ஒரு கணம் நிற்கும். பிறகு தொடரும்.

கடைக்கு மேலே வீடு. வீட்டுக்கு மேலே மொட்டைமாடியில் ஓர் அறை. இளையவரும் அவர் மனைவியும் பத்து வயது மகளும் வீட்டில் இருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாத மூத்தவர் மாடியறையில். முன்பு அவரும் கீழேதான் சாப்பிடுவார். பதினான்கு மாதங்களுக்கு முன்னால், அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, தன் தட்டையும் ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு மாடியேறினார். மறுவாரம் ஒரு சிறு அடுப்பு வாங்கினார்.

நடந்தது இதுதான். பக்கவாதம் வந்து அம்மாவுக்கு விழுங்கும் சக்தி போயிருந்தது. வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் அட்டை தொங்கியது. சொட்டு மருந்தும் குழாயும்தான். ஐந்தாம் நாள் இளையவர் வார்டுக்குள் நுழைந்தபோது, மூத்தவர் கட்டிலோரத்தில் ஒரு கிண்ணத்தோடும் கரண்டியோடும் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தில் எலும்பு வேகவைத்த தண்ணீர். அம்மாவின் தாடையில் ஈரம். இரண்டு நாள் கழித்து நெஞ்சில் சளி கட்டி அம்மா போய்விட்டாள். ஆஸ்பத்திரி நடையில், இருபது பேர் கேட்கும்படி, இளையவர் சொன்னார்: "ஒரு கரண்டியில கொன்னுட்டே." மூத்தவர் பதில் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

இப்போது மூத்தவர் போகப்போகிறார். ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் துறைமுகப் பட்டணத்தில், இறைச்சியைக் குளிரில் அடுக்கும் ஒரு கிடங்கில் வேலை. எலும்பெடுக்கத் தெரிந்த கை வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ். இதை அவர் தம்பியிடம் சொல்லவில்லை. தம்பி மனைவியிடம், படியில் நின்று, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அவள் வந்து கணவனிடம் சொன்னாள். "போகட்டும்" என்றார் அவர். சொல்லிவிட்டு அன்று முழுக்க யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெயில் காலம் முடிந்து காற்று திசை மாறிய வாரம் அது. கடையின் இரும்புக் கதவு தானாகத் தடதடத்தது. ஈக்கள் குறைந்திருந்தன. மாலையில் வானம் கறுத்துக் கூடி, பெய்யாமலே கலைந்தது.

செவ்வாய்க்கிழமை கடை கழுவிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் வெட்டுக்கட்டையில் உப்பைக் கொட்டித் தேய்த்தார். இளையவர் கொக்கிகளைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தார். அப்போது தம்பி மனைவி ஒரு துண்டுத்தாளோடு படியிறங்கி வந்து, இருவருக்கும் நடுவே, அந்த மூன்றடியில் நின்றாள்.

"நாளைக்கு, வெள்ளி, சனி. மூணு நாள். நம்ம வீட்ல ஒருசந்தி."

இருவரின் கைகளும் ஒரே சமயத்தில் நின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொடுத்த தாள் அது. வருடத்தில் நான்கு முறை, பருவம் மாறும் வேளையில், புதன், வெள்ளி, சனி மூன்று நாட்களை ஜெபத்திலும் தவத்திலும் கழிப்பது பழைய வழக்கம் என்றும், அது விட்டுப்போய்ப் பல காலமாயிற்று என்றும், விரும்புகிற குடும்பங்கள் வீட்டிலேயே மறுபடி தொடங்கலாம் என்றும் பங்குச்சாமியார் எழுதியிருந்தார். கீழே மூன்றே வரி. மூன்று நாளும் ஒருசந்தி. வெள்ளியன்று இறைச்சி விலக்கிய சுத்தபோசனம். மாலையில் குடும்ப ஜெபம். சாமியாருக்கு எழுபது வயது. ஒருசந்தி என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவள் வேறு மதத்து வீட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்தான் ஞானஸ்நானம் பெற்றாள். மந்திரங்களைப் புத்தகம் பார்த்துப் படித்தவள் என்பதால் ஒரு சொல்கூடப் பிசகாது. அவள் இந்த வீட்டுக்கு வந்த காலத்தில் மாமியாருக்குச் சர்க்கரை வந்து, இதையெல்லாம் டாக்டர் நிறுத்தச் சொல்லியிருந்தார். கோயிலிலும் இப்போது நோன்பு என்றுதான் சொல்கிறார்கள். ஆக அந்தச் சொல்லை அவள் தாளில்தான் முதல்முறை பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒருசந்தின்னா, வீட்ல உள்ள எல்லாரும் ஒரு நாளைக்கு ஒரு தடவை சந்திக்கணும். ஒரே மேஜையில. ஜெபம் பண்ணி, சேர்ந்து சாப்பிடணும். ஒருத்தர் குறைஞ்சாலும் அது ஒருசந்தி ஆகாது. சட்டம்." தாளைத் தட்டிக் காட்டினாள். "அத்தான், நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி. நீங்க வரணும்."

மூத்தவர் உப்பைப் பார்த்தார். இளையவர் ஒரு கொக்கியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ துருப்பிடித்துவிட்டதுபோல.

"அப்படியா போட்டிருக்கு?" என்று கேட்டார் மூத்தவர்.

"போட்டிருக்கே. ஒரு, சந்தி."

அவர் கையில் ஒட்டியிருந்த உப்பைக் கட்டைமேல் உதறினார்.

"சட்டம்னா வரவேண்டியதுதான்" என்றார் மூத்தவர்.

அவள் கணவனைப் பார்த்தாள். "என்னங்க?"

"நான் என்ன சொல்றது? தாள்ல இருக்குல்ல" என்றார் இளையவர்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வேன் வந்தது. உரித்த இரண்டு ஆடுகளைத் தோளில் சுமந்து மாட்டினார்கள். ஏழு மணிக்கு அவள் வழக்கம்போல ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். ஒன்பது மணிக்கு வந்து பார்த்தபோது ரொட்டியின்மேல் துணி மூடியபடி இருந்தது.

"பசிக்கல" என்றார் இளையவர்.

மதியமும் பசிக்கவில்லை என்றார். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடில்லை. மகள் அப்பாவின் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, தவம் என்றால் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். மாடியறை அடுப்பு அன்று எரியவில்லை என்பதைத் துணி உலர்த்தப் போனவள் கவனித்தாள். அவருக்கு எரிவாயு தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு மூத்தவர் வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்துக்கு வந்தவர்போல நின்றார். பதினான்கு மாதங்களில் மேஜையை ஜன்னலோரமாக நகர்த்தியிருந்தார்கள். தான் முன்பு உட்காரும் இடம் இப்போது எது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இங்க, பெரியப்பா" என்று மகள் பக்கத்து நாற்காலியை இழுத்தாள். "அம்மா, பெரியப்பா பவுடர் போட்டிருக்கார்."

"சும்மா இரு."

"வாசனை அடிக்குது."

"ஆட்டு வாசனை அடிக்கிறதுக்கு இது தேவலையில்ல?" என்றார் மூத்தவர். மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மேஜையைச் சுற்றிவிட்டு, போக இடமில்லாமல் நின்றது.

ஜெபம் இரண்டு பக்கமாகச் சொல்வது வழக்கம். ஒரு பக்கம் முதல் பாதியைச் சொல்லும், மறுபக்கம் மீதியைச் சொல்லி முடிக்கும். அவளும் கணவனும் ஒரு பக்கம். மூத்தவரும் மகளும் ஒரு பக்கம். பரலோக மந்திரத்தை இளையவர் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். அந்தப் பாதி அந்தரத்தில் நின்றது. மூத்தவர் தொண்டையைச் செருமி மீதியை எடுத்தார். அம்மா இழுக்கும் அதே இழுப்பில், கடைசிச் சொல்லைச் சற்றே தாழ்த்திச் சொன்னார்.

பத்து முறை அருள் நிறை மந்திரம். பத்து முறையும் தம்பி விட்ட இடத்தில் அண்ணன் பிடித்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் ஒருவர் மூச்சு முடியும் இடம் மற்றவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு பருப்பும் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும். மூத்தவர் இரண்டு துண்டு ரொட்டியோடு நிறுத்திக்கொண்டார்.

"இன்னும் போட்டுக்கோங்க அத்தான்."

"போதும்மா."

"பெரியப்பா, நீங்க போற ஊர்ல கடல் இருக்கா?" என்று கேட்டாள் மகள்.

"இருக்கு."

"கிடங்கு ரொம்பக் குளிருமா?"

"குளிரும். உள்ள போறவங்களுக்குக் கோட்டு குடுப்பாங்களாம்."

"அப்போ உங்களுக்கு யாரு சமைப்பா?"

"நான்தான். இங்கயும் நான்தானே."

அவர் தன் தட்டைக் கழுவப் போனார். தம்பி மனைவி கை நீட்டினாள். கொடுக்கத் தயங்கி, பிறகு கொடுத்தார்.

வியாழக்கிழமை ஒருசந்தி இல்லை. கடையில் தொடை, சப்பை, நெஞ்செலும்பு என்றே பொழுது போனது. காலையில் வைத்த ரொட்டியை இளையவர் சாப்பிட்டு முடித்தார். மாலை ஆறு மணிக்கு அவர்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது வாசலில் நிழல் தெரிந்தது. வெள்ளைச் சட்டையில் மூத்தவர்.

"இன்னிக்கு இல்லையாம்மா?"

"வியாழக்கிழமை இல்லை அத்தான். தாள்ல புதன், வெள்ளி, சனிதான் போட்டிருக்கு."

"ஆமா. வியாழன் கிடையாதுதான்." அவர் கதவு நிலையை ஒருமுறை தடவினார். "மாடியில தண்ணி வரல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

போய்விட்டார்.

"தண்ணி வருதே. நான் இப்பதானே மேல கால் கழுவினேன்" என்றாள் மகள்.

"பேசாம சாப்பிடு" என்றார் இளையவர். ஆனால் அவரும் அதற்குமேல் சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டின் ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள் அவள்.

"தாள்ல இல்லைன்னு நீதானே சொன்னே."

"நான் ஒரு மடச்சி. சொன்னேன். நீங்க யாரு?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். வெளியே காற்று எதையோ உருட்டிக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை காலையில் தபால்காரருக்குச் செய்தி எட்டியிருந்தது.

"என்னடா, கறிக்கடைக்காரன் வீட்ல சுத்தபோசனமாமே? இது சவரக்கடைக்காரன் தாடி வளர்த்த கதையாயில்ல இருக்கு!"

"விக்கிறதுக்குத் தடையில்ல. திங்கறதுக்குத்தான்" என்றார் இளையவர்.

"அதைச் சொல்லு. ஊரைப் பாவத்துல தள்ளிட்டு நீங்க ரெண்டு பேரும் மோட்சம் போறீங்க."

"உங்களுக்கும் வேண்டாம்னா விடுங்க. அந்த அரைக் கிலோவைத் திரும்பக் கொக்கியில மாட்டிடறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கறி வாங்க வந்தவரிடம் மூத்தவர் விளையாட்டாகப் பேசியது பதினான்கு மாதங்களில் அதுதான் முதல்முறை. தபால்காரர் பையைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இளையவர் தராசின் பக்கம் குனிந்தார். அவருடைய தோள் குலுங்கியதைத் தபால்காரர் பார்த்தார்.

பத்து மணிக்கு அவள் சாமியார் வீட்டுக்குப் போனாள். கோயிலில் பூசைக்கு உதவும் பிள்ளைகளுக்கான ஆறு அங்கிகளைத் தைத்து முடித்திருந்தாள். சாமியார் ஓரம் மடித்த இடங்களைப் பார்த்துவிட்டு, நல்லாத் தைச்சிருக்கே என்றார்.

"சாமி, எங்க வீட்ல ஒருசந்தி ஆரம்பிச்சாச்சு."

"ரொம்ப நல்லது. கஷ்டமா இருந்துச்சா?"

"கொஞ்சம் பயமா இருந்துச்சு. ஆனா எங்க அத்தான் வந்தாங்க சாமி."

"எங்க வந்தாரு?"

"ஒருசந்திக்குத்தான்."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "நீ இன்னிக்குக் காலையில சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சாமி. ரொட்டி."

"புதன்கிழமை காலையில?"

"அன்னிக்கும்தான்."

"மதியம்?"

"மதியம் நல்லாவே சாப்பிட்டேன்."

"அப்புறம் எங்கேம்மா ஒருசந்தி?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு. எல்லாரும் சந்திச்சோமே."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும், அடக்கப் பார்த்து முடியாமல், இருமல் வரும்வரை சிரித்தார். "இது அந்தச் சந்தி இல்லைம்மா. அந்தி சந்தின்னு சொல்றோமே, அந்தச் சந்தி. பொழுது. நாள் பூரா சாப்பிடாம, ஒரே ஒரு வேளை மட்டும் சாப்பிடுறது."

"எங்கம்மா இருப்பாங்களே, ஒருபொழுதுன்னு."

"அதேதான். உங்க வீட்ல ஒருபொழுது, எங்க வீட்ல ஒருசந்தி."

அவளுக்கு முகமெல்லாம் சூடாயிற்று. வாசல்வரை வந்தவள், வாசலிலேயே நின்றாள். துணி மூடியிருந்த ரொட்டி ஞாபகத்துக்கு வந்தது. பசிக்கல என்று இரண்டு வேளையும் சொன்ன கணவன். எரியாத மாடி அடுப்பு. அவர்கள் இருவரும் நாள் முழுவதும் சாப்பிடவில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்குத் தெரியும். அம்மா ஒருசந்தி இருந்து காட்ட, பார்த்து வளர்ந்தவர்கள். தெரிந்தே, அவள் தப்பாகச் சொன்ன சட்டத்துக்கும் தலையாட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மதியம் சாப்பிடாமல் இருந்தாள். மாலை ஜெபத்தில் மூத்தவர் மீதியைப் பிடிக்கும்போதெல்லாம் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கேட்கவேண்டும் என்று வாய் வரை வந்தது. கேட்டுவிட்டால் இருப்பதும் போய்விடுமோ என்று விழுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை கடையில் கூட்டம். நான்கு ஆடுகள் மதியத்துக்குள் தீர்ந்தன. இருவரும் தண்ணீர் மட்டும் குடித்தபடி வேலை செய்தார்கள். மூன்று மணிக்குக் கதவை இறக்கியதும், மூத்தவர் எல்லாக் கத்திகளையும் எடுத்து ஒவ்வொன்றாகத் தீட்டினார். தீட்டித் துடைத்து, துணியின்மேல் வரிசையாக வைத்தார்.

"இது எலும்போரம் மட்டும். வேற எதுக்கும் எடுக்காதே, முனை மடங்கிடும்."

"ம்."

"இதுக்குப் பிடி ஆடுது. ரெண்டு மாசம் தாங்கும். அப்புறம் மாத்திடு."

"ம்."

"குளிர்ப்பெட்டிக் கதவை இழுத்துத் தூக்கிச் சாத்தணும். நீ சும்மா தள்ளுறே. அது சாத்துறதில்ல."

அவ்வளவையும் கேட்டுவிட்டு இளையவர் குளிர்ப்பெட்டியண்டை போனார். கதவை இழுத்து, தூக்கிச் சாத்தினார். திறந்தார். மறுபடி இழுத்து, தூக்கிச் சாத்தினார். திரும்பாமல், கதவின்மேல் கையை வைத்தபடி அங்கேயே நின்றார். மூத்தவர் கத்திகளைத் துணியில் சுற்றிக் கட்டினார்.

அன்று ஐந்தரைக்கே மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு மூத்தவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படியிறங்கி வந்தார். அவள் காய்கறி சூப்பும் முட்டையும் நிறைய ரொட்டியும் வைத்திருந்தாள். அவளும் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. ஜெபம் முடிந்தது. சூப்பை யாருக்கும் ஊற்றாமல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்கணும். சூப்பு அப்புறம்."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"நான் சொன்ன சட்டம் தப்பு. சாமி சொல்லிட்டார். ஒருசந்தின்னா ஒரு வேளைச் சாப்பாடு. சேர்ந்து உக்காரணும்னு யாரும் எங்கயும் எழுதி வைக்கல. உங்க ரெண்டு பேருக்கும் அது செவ்வாய்க்கிழமையே தெரியும். பகல் பூரா பட்டினியா இருந்தீங்க, நான்தான் பைத்தியக்காரி மாதிரி ரொட்டியை மூடி மூடி வச்சேன். இன்னிக்கு நானும் சாப்பிடல." மூச்சு வாங்கினாள். "சட்டமே இல்லைன்னா, அத்தான், நீங்க ஏன் வந்தீங்க?" கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் வரவேண்டாம்னு சொல்லலைங்க?"

மகள் பெரியப்பாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு தன் தட்டைப் பார்த்தாள். மழை ஜன்னல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. இருவரில் யாராவது எழுந்து போய்விடுவார்கள் என்று கரண்டியோடு நின்றவள் எதிர்பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த மௌனம் பழைய மௌனம் இல்லை. பழையது சாத்திய கதவு போலிருக்கும். இது, யார் முதலில் என்று தெரியாமல் இருவர் வாசலில் நிற்பது போலிருந்தது.

"அம்மா எங்கிட்டதான் முதல்ல கேட்டாங்க" என்றார் இளையவர்.

அவர் யாரிடம் சொல்கிறார் என்று முதலில் தெரியவில்லை. மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

"மூணாம் நாள். நான் மட்டும்தான் இருந்தேன். வாய் கோணிப்போச்சு, பேச்சு வரல. ஆனா கையால காட்டினாங்க. இப்படி. வாய்க்குப் பக்கத்துல. நான் அந்த அட்டையைக் காட்டினேன். கூடாதும்மா, போட்டிருக்குன்னேன். மறுபடி காட்டினாங்க. நான் வெளிய போய் நடையில நின்னுக்கிட்டேன். நாலாம் நாளும் கேட்டாங்க. அன்னிக்கும் நான் வெளிய போயிட்டேன்." நிறுத்தினார். "நீ குடுத்தே. நான் குடுக்கல. அதைத்தாண்ணே என்னால தாங்க முடியல. கொன்னேன்னு சொன்னதெல்லாம்… அது வேற."

மூத்தவர் தலையிலிருந்த ஈரத் துண்டை எடுத்து மடித்தார். நான்காக மடித்தார். பிறகு பிரித்து மறுபடி மடித்தார்.

"குடிக்கல" என்றார்.

"என்ன?"

"அம்மா குடிக்கல. கேட்டாங்க, நான் ஓடி வந்து கடையில எலும்பை வேகவச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். போறதுக்குள்ள வாய் திறக்க முடியாம ஆயிடுச்சு. கரண்டியை உதட்டுல வச்சேன். உள்ள போகல. எல்லாம் தாடையில வழிஞ்சுது. தொடைச்சுக்கிட்டு இருந்தேன், நீ வந்தே."

இளையவர் அண்ணனை நேராகப் பார்த்தார். பதினான்கு மாதங்களில் முதல்முறை.

"ஒரு சொட்டுகூட?"

"ஒரு சொட்டுகூட."

"அப்போ ஏன் சொல்லல? அத்தனை பேர் முன்னாடி நான் கத்தினேனே, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, அம்மா கடைசி வரைக்கும் வெறும் வயித்தோட போனாங்கன்னு உனக்குத் தெரிஞ்சுடும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் கிண்ணத்தோட போனப்போ அம்மா வாசலைப் பார்த்துக் கையைக் காட்டினாங்க. நீ எப்பவும் நடையில நிக்கிற இடத்தை. உங்கிட்ட கேட்டிருக்காங்கன்னு அப்பவே புரிஞ்சுது. நீ எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியாதா? அட்டையில போட்டிருந்தா நீ மீறமாட்டே. மீறாததுக்கு ஆயுசுக்கும் உன்னையே தின்னுக்கிட்டு இருப்பே. அதுக்கு, அண்ணன் குடுத்தான், அம்மா குடிச்சாங்கன்னே இருக்கட்டும். எம்மேல கோபத்துல இருந்துட்டுப் போறான்னு விட்டேன்."

இளையவர் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவள் அவர் தோளைத் தொடப் போனாள். பிறகு வேண்டாமென்று நின்றாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் மூத்தவர் சற்றுப் பொறுத்து. "விட்டுட்டேனே தவிர, தாங்க முடியல. தினம் மூணடியில நின்னுக்கிட்டு, சப்பை, தொடைன்னு. அதுக்குத்தான் வேலை தேடினேன். குளிர்க் கிடங்குல நிக்க எனக்கென்ன ஆசையா?"

"போகாதண்ணே."

கைக்குள்ளிருந்து வந்ததால் அது தெளிவாகக் கேட்கவில்லை. இளையவர் கைகளை எடுத்துவிட்டு இன்னொரு முறை சொன்னார். "போகாதே."

மூத்தவர் மடித்த துண்டை மேஜையோரத்தில் வைத்தார். தட்டைத் தம்பி மனைவி பக்கம் நகர்த்தினார். "சூப்பு ஆறுதும்மா. காலையிலேருந்து மூணு பேரும் பட்டினி."

அவள் ஊற்றினாள். கொஞ்சம் மேஜையில் சிந்தியது. மூவரும் பசித்தவர்களாகச் சாப்பிட்டார்கள். மூத்தவர் இரண்டு துண்டோடு நிறுத்தவில்லை. நான்காவது ரொட்டியைக் கேட்டு வாங்கினார். இளையவர் முட்டையை உரித்து அண்ணன் தட்டில் வைத்தார். பசியில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் மகள் ஒருத்திதான்.

பாதிச் சாப்பாட்டில் மூத்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "பாப்பா, உங்கம்மா போனை எடு. இந்த நம்பரைப் போடு."

மகள் எண்களை அழுத்தி, காதில் வைத்துப் பார்த்து, "மணி அடிக்குது" என்று கொடுத்தாள். மூத்தவர் எழுந்திருக்கவில்லை. வலது கை எச்சிலாக இருந்ததால் இடது கையில் வாங்கினார்.

"ஐயா, வணக்கம். நான்தான், எலும்பெடுக்க வரேன்னு சொன்னவன். ஆமாங்க. நாளைக்கு நான் வரலைங்க… இல்லைங்க, உடம்புக்கு ஒண்ணுமில்ல… சம்பளம் குறைச்சல்னெல்லாம் இல்லைங்க." மறுமுனையில் பேச்சு நீண்டது. அவர் தம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "காரணமா? வீட்ல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருக்கோங்க."

மறுமுனையில் மறுபடி ஏதோ கேட்டார்கள்.

"இல்லைங்க, முடிச்சுட்டும் வர முடியாது" என்றார் மூத்தவர். "இது முடிய ரொம்ப நாளாகும்."